மொபைல் டேட்டாவில் சிப் அழைப்பு: ஒருபக்கம் மட்டும் குரல் கேட்கிறது, எண்ணும் இருப்பிடமும் பற்றிச் சில சந்தேகங்கள்

மிளகுக்கொடி (தாண்டிக்குடி)

எல்லோருக்கும் வணக்கம். தாண்டிக்குடி பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காப்பியும் மிளகும் இருக்கிறது, வீட்டை ஒட்டிய இரண்டு அறைகளை ஊர் சுற்ற வருகிறவர்களுக்கு விடுகிறோம். வீட்டுக்குள் மொபைல் சிக்னல் சுத்தமாகக் கிடையாது, ஆனால் கேபிள்காரர் வழியாக ஃபைபர் இணைப்பு வந்துவிட்டது. தோட்டத்தில் மேட்டுப் பக்கம் ஏறினால் 4ஜி கிடைக்கும். நாள் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்துகொண்டே இருப்பவள் நான், வியாபாரம் முழுக்க போனில்தான்.

அக்கா மகன் ஒரு கிளவுட் சர்வரில் (இணையத்தில் வாடகைக்கு எடுத்த கணினி) ஆஸ்டரிஸ்க் என்ற தொலைபேசி இணைப்பக மென்பொருள் போட்டு, எனக்கு, வீட்டுக்காரருக்கு, கணக்கு எழுதும் பெண்ணுக்கு என்று ஆளுக்கொரு சிப் (SIP, இணையம் வழியாக போன் பேசும் முறை) கணக்கு திறந்து, போனில் ஆப்பும் ஏற்றிக் கொடுத்தான். வீட்டு வைஃபையில் நன்றாகப் பேச முடிகிறது. மேட்டுக்குப் போய் மொபைல் டேட்டாவில் எடுத்தால் நான் பேசுவது அவர்களுக்குக் கேட்கிறது, அவர்கள் பேசுவது எனக்குத் துளியும் கேட்பதில்லை. போனைக் கொஞ்ச நேரம் பையில் போட்டு வைத்திருந்தால் மணியே அடிப்பதில்லை, அப்புறம் ஆப்பைத் திறந்து பார்த்தால் தவறிய அழைப்பு என்றுகூடக் காட்டுவதில்லை. அவனுக்கு இப்போது வேலை நெருக்கடி, அதனால் இங்கே கேட்கிறேன்.

இன்னொன்று. பட்டிவீரன்பட்டியில் காப்பி எடுக்கிறவர்களும் வத்தலக்குண்டு வியாபாரிகளும் என் மொபைல் எண்ணுக்குத்தான் கூப்பிடுவார்கள், அவர்களை ஆப் ஏற்றச் சொல்ல முடியாது. சிம் போடுகிற ஒரு பெட்டி வாங்கி சர்வரோடு இணைத்தால் அந்த அழைப்புகளும் சிப்பில் வந்துவிடும் என்று ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

கடைசியாக, இதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. அறை விளம்பரத்தில் என் எண் இருக்கிறது. ராத்திரியில் தெரியாத ஆட்கள் மெசேஜ் ஆப்களில் கூப்பிடுகிறார்கள். அந்த அழைப்பை வைத்து நான் எங்கே இருக்கிறேன் என்று கண்டுபிடிக்க முடியுமா? எண்ணை மறைத்துப் பேச வழி இருக்கிறதா?

கம்பிவடம் (கொடைக்கானல்)

அக்கா, குரல் விஷயத்தை நான் சொல்கிறேன், மற்றதை விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

சிப் அழைப்பில் இரண்டு தனித்தனி ஓட்டங்கள் இருக்கின்றன. கூப்பிடுவது, மணி அடிப்பது, எடுப்பது, வைப்பது எல்லாம் சிப் செய்திகள். குரல் அதில் போவதில்லை, ஆர்டிபி என்ற வேறு ஓட்டத்தில் போகிறது. அந்தக் குரலை எந்த முகவரிக்கு, எந்த போர்ட்டுக்கு (அந்த முகவரியில் உள்ள வாசல் எண்) அனுப்ப வேண்டும் என்பதை உங்கள் போன் சிப் செய்தியின் உள்ளே எழுதி அனுப்புகிறது. சிக்கல் இந்த இடத்தில்தான். மொபைல் டேட்டாவில் உங்கள் போனுக்குக் கிடைப்பது பொது முகவரி இல்லை, நிறுவனத்தின் உள்முகவரி. 10 என்று தொடங்கலாம், இல்லையென்றால் 100.64 முதல் 100.127 வரைக்குள் இருக்கலாம் (இந்தத் தொகுதியை இதற்கென்றே 2012-இல் ஆர்எஃப்சி 6598 என்ற இணையத் தர ஆவணம் ஒதுக்கியது). ஆயிரக்கணக்கான சந்தாதாரர்கள் சில பொது முகவரிகளைப் பகிர்ந்துகொள்வதற்காக நடுவில் பெரிய நேட் (உள்முகவரியைப் பொது முகவரியாக மாற்றும்) கருவி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அது தரவுப் பொட்டலத்தின் தலைப்பில் இருக்கும் முகவரியை மாற்றுமே தவிர, செய்திக்குள் உங்கள் போன் எழுதியதைத் தொடாது. சர்வர் அதை அப்படியே நம்பி உள்முகவரிக்குக் குரலை அனுப்புகிறது, அது எங்கேயும் போய்ச் சேராது. உங்கள் குரல் மட்டும் போய்விடுகிறது, ஏனென்றால் சர்வருக்குப் பொது முகவரி இருக்கிறது.

அப்படியானால் வீட்டில் மட்டும் எப்படி வேலை செய்கிறது, அங்கேயும் 192.168 முகவரிதானே என்று கேட்கலாம். அநேகமாக உங்கள் ரூட்டரில் சிப் ஏஎல்ஜி என்று ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அது சிப் செய்தியைப் பிரித்துப் படித்து உள்ளே இருக்கும் முகவரியையும் திருத்தி அனுப்புகிறது. அதாவது சர்வரில் இருக்கும் குறையை ரூட்டர் மூடி மறைக்கிறது. நாளைக்குப் பாதுகாப்புக்காக டிஎல்எஸ் (செய்தியை மறையாக்கும் முறை) போட்டீர்கள் என்றால் ரூட்டரால் செய்தியைப் படிக்க முடியாது, அன்றைக்கே வீட்டிலும் இதே கோளாறு வரும். அதனால் ரூட்டரில் ஏஎல்ஜியை அணைத்துவிட்டு சர்வரைச் சரிசெய்வதுதான் முறை.

அக்கா மகனிடம் இதைக் காட்டுங்கள்: ஆஸ்டரிஸ்கில் சிப்பைக் கையாளும் பகுதியான பிஜேசிப்பில், ஒவ்வொரு போனுக்கும் உள்ள எண்ட்பாயிண்ட் அமைப்பில் ஆர்டிபி சிமெட்ரிக், ஃபோர்ஸ் ஆர்போர்ட், ரீரைட் காண்டாக்ட் மூன்றும் 'எஸ்' என்று இருக்கவேண்டும், டைரக்ட் மீடியா 'நோ' என்று இருக்கவேண்டும். முதலாவதுதான் உயிர்நாடி. போன் எழுதிய முகவரியை விட்டுவிட்டு, குரல் உண்மையில் எங்கிருந்து வந்து சேர்கிறதோ அங்கேயே திருப்பி அனுப்பச் சொல்லும். அது தானாக 'நோ' என்றுதான் இருக்கும், நாம்தான் மாற்றவேண்டும். டைரக்ட் மீடியாவை அணைக்காவிட்டால், இரண்டு போன்களும் நேராகப் பேசிக்கொள்ளட்டும் என்று சர்வர் நடுவிலிருந்து விலகிவிடும், இரண்டுமே நேட்டுக்குப் பின்னால் இருந்தால் மறுபடியும் மௌனம்தான். கிளவுட் சர்வர் என்பதால் அதன் வெளிமுகவரியையும் அமைப்பில் எழுதியிருக்கிறானா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மணி அடிக்காததற்கு வேறு காரணம். சர்வரிலிருந்து உங்கள் போனுக்கு வரும் வழி, உங்கள் போன் கடைசியாகப் பேசியபோது நேட்டில் திறந்த வழி. போன் சும்மா இருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். யுடிபிக்கு (இணைப்பை நிலைநிறுத்தாமல் தரவு அனுப்பும் முறை) இரண்டு நிமிடமாவது திறந்து வைக்கவேண்டும் என்று ஆர்எஃப்சி 4787 சொல்கிறது, பல மொபைல் வலைகள் அதற்கு முன்பே மூடிவிடுகின்றன. 20, 30 விநாடிக்கு ஒருமுறை ஆப் எதையாவது அனுப்பிக்கொண்டே இருந்தால் வழி திறந்திருக்கும், ஆனால் பேட்டரி கரையும், அதோடு பின்னணியில் ஓடும் ஆப்பை போனே தூங்க வைத்துவிடும். டிசிபி (இணைப்பை நிலையாக வைத்திருக்கும் முறை) அல்லது டிஎல்எஸ் போட்டால் வழி இன்னும் நீண்ட நேரம் நிற்கும். நிரந்தரத் தீர்வு புஷ் அறிவிப்புதான், அழைப்பு வந்ததும் கூகுள் அல்லது ஆப்பிள் வழியாக போனை எழுப்பி, ஆப் புதிதாகப் பதிவு செய்துகொண்ட பிறகு மணி அடிக்க வைப்பது. 2019-இல் ஆர்எஃப்சி 8599 இதைத் தரப்படுத்தியது. லின்ஃபோன் என்ற சிப் ஆப்பில் இந்த வசதி உண்டு, ஆனால் சர்வர் பக்கத்திலும் வேலை இருக்கிறது.

மிளகுக்கொடி

தம்பி, ரொம்ப நன்றி. ஆப்பின் லாக்கில் (நடந்ததைப் பதிந்து வைக்கும் குறிப்பு) பார்த்தேன், நீங்கள் சொன்ன மாதிரியே 100-இல் தொடங்கும் முகவரிதான். அக்கா மகன் அந்த மாற்றங்களைச் செய்தான், மேட்டிலிருந்து இரண்டு பக்கமும் குரல் கேட்கிறது. வீட்டுக்காரர் போனில் மட்டும் இன்னும் தகராறு, அவருடையது வேறு நிறுவன சிம். லாக்கில் முகவரி நீளமாக, நிறைய முக்காற்புள்ளிகளோடு வருகிறது.

கம்பிவடம்

அது ஐபிவி6, அதாவது புதிய வகை இணைய முகவரி அக்கா. அந்த நிறுவனம் போனுக்கு ஐபிவி6 மட்டும் கொடுக்கிறது, உங்கள் சர்வரில் பழைய வகையான ஐபிவி4 மட்டும் இருக்கும். நடுவில் வலையே மொழிபெயர்க்கும், ஆண்ட்ராய்டும் தன் பக்கம் ஒரு மொழிபெயர்ப்பு அடுக்கு வைத்திருக்கிறது, ஆனாலும் சிப் செய்திக்குள் எழுதிய முகவரி இங்கேயும் பழையபடிதான் போகும். இரண்டு காரியம் செய்யச் சொல்லுங்கள். ஆப்பில் சர்வரின் ஐபி எண்ணை எழுதாமல் டொமைன் பெயரை எழுதவேண்டும். சர்வருக்கும் ஒரு ஐபிவி6 முகவரி வாங்கி டிஎன்எஸ்ஸில் (டொமைன் பெயரை முகவரியாக மாற்றும் இணையப் பட்டியல்) சேர்க்கவேண்டும். ஐபிவி6-இல் நேட் இல்லை என்பதால் அந்த போன் உங்களுடையதைவிடச் சிக்கல் இல்லாமல் ஓடும்.

தேயிலைமேடு (கோத்தகிரி)

சகோதரி, நான் கோத்தகிரியில் மொபைல் கடை வைத்திருக்கிறேன். முதலில் ஒன்று கேட்கிறேன், வீட்டில் சிக்னல் இல்லாததற்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும் என்றால், உங்கள் போனில் வைஃபை காலிங் போட்டுப் பார்த்தீர்களா? இங்கே பள்ளத்தில் இருக்கும் வீடுகளுக்கெல்லாம் நான் அதைத்தான் போட்டுக் கொடுக்கிறேன். இந்தியாவில் 2019 டிசம்பரில் ஏர்டெல்லும் 2020 ஜனவரியில் ஜியோவும் தொடங்கியது. போன் அமைப்பில் ஒரு பொத்தான், அவ்வளவுதான், தனி ஆப் வேண்டாம்.

வைஃபை காலிங் போட்டதும் உங்கள் போன் வீட்டு ஃபைபர் வழியாக நிறுவனத்தின் வாசல் கருவிக்கு ஐபிசெக் சுரங்கம் (மறையாக்கிய தனி வழி) ஒன்று போடும். சிம் கார்டை வைத்து அது நீங்கள்தான் என்று உறுதி செய்யும். அதற்கு அப்புறம் நிறுவனத்தின் மையத்தில் உங்கள் எண் "இந்தச் சுரங்கத்தில் இருக்கிறது" என்று பதிவாகிவிடும். பட்டிவீரன்பட்டிக்காரர் உங்கள் சாதாரண எண்ணைப் போட்டால் அழைப்பு அந்த மையத்துக்குப் போய், பதிவைப் பார்த்து, சுரங்கத்துக்குள் இறங்கி வீட்டில் மணி அடிக்கும். நீங்கள் மேட்டுக்கு ஏறினால் போன் 4ஜி வழியாகப் பதிவை மாற்றிக்கொள்ளும். பேசிக்கொண்டிருக்கும்போதே ஏறினாலும் வோல்ட்டி (4ஜியிலேயே குரல் அழைப்பு) நன்றாகக் கிடைத்தால் அறுபடாது, 2ஜி மட்டும் இருக்கும் இடத்துக்குள் நுழைந்தால் அறுபட்டுவிடும். கூப்பிடுகிறவருக்கு இது எதுவுமே தெரியவேண்டியதில்லை.

ரூட்டரில் யுடிபி 500, 4500 இரண்டு போர்ட்டும் அடைபடாமல் இருக்கவேண்டும். சில கேபிள் இணைப்புகளில் கேபிள்காரர் ஏதாவது வடிகட்டி வைத்திருப்பார், வைஃபை காலிங் என்ற எழுத்து போனின் மேலே வரவே வராது, அவரிடம் இந்த இரண்டு எண்களைச் சொன்னால் போதும்.

சிம் பெட்டி வேண்டவே வேண்டாம். இணையத்தையும் பொதுத் தொலைபேசி வலையையும் பிணைக்கிற வேலைக்கு இங்கே உரிமம் வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017 அக்டோபரில் பரிந்துரைத்து, தொலைத்தொடர்புத் துறை 2018 ஜூனில் இணையத் தொலைபேசியைத் தெளிவுபடுத்தி அனுமதித்தபோதும், அனுமதி உரிமம் பெற்ற நிறுவனங்களுக்குத்தான். சிம் பெட்டி வைத்து அழைப்புகளைத் திருப்பிவிடுகிற மோசடிக் கும்பல்களைப் போலீஸ் தேடிக்கொண்டே இருக்கிறது. 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் சேவை நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம். நம் சொந்த உபயோகம்தானே என்று நீங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கும் நிலை வரவேண்டாம். உங்கள் மூன்று பேருக்குள் பேச சர்வர் இருக்கட்டும், அதில் தவறில்லை. வெளி எண்ணோடு அதை இணைக்கவேண்டும் என்றால் உரிமம் உள்ள நிறுவனத்திடம் சிப் டிரங்க் (சர்வரைப் பொதுத் தொலைபேசி வலையோடு இணைக்கும் சேவை) வாங்குங்கள்.

வெளிநாட்டு இணையச் சேவையில் சேர்ந்து, அழைப்பில் உங்கள் +91 எண் தெரிகிற மாதிரி செய்யலாம் என்று சொல்வார்கள், அதுவும் ஓடாது. வெளிநாட்டிலிருந்து உள்ளே வந்து இந்திய எண்ணைப் போலியாகக் காட்டும் அழைப்புகளைத் தடுக்கும் ஏற்பாட்டை 2024 அக்டோபரில் அரசு கொண்டுவந்துவிட்டது.

மலைப்பாதை (பெரும்பாறை)

இடையில் ஒரு சந்தேகம். எண்ணையே விட்டுவிட்டு மின்னஞ்சல் மாதிரி பெயர், அட், டொமைன் என்று சிப் முகவரி கொடுத்தால் யார் வேண்டுமானாலும் நேராகக் கூப்பிடலாமே? ஏன் அது வரவில்லை?

தேன்சிட்டு (குன்னூர்)

வரவேண்டும் என்றுதான் முயன்றார்கள். சிப் முகவரியைப் போட்டால் டிஎன்எஸ்ஸில் டொமைனைத் தேடி எந்த சர்வர், எந்த போர்ட் என்று கண்டுபிடித்துப் போகும், அது இன்றும் வேலை செய்கிறது. எண்ணையும் அதே வழியில் தேடுவதற்காக ஈ-நம் என்று ஒன்று வைத்தார்கள். கொடைக்கானல் எண் +91 4542 என்று தொடங்குகிறது இல்லையா, அதைத் தலைகீழாகப் புரட்டி நடுநடுவே புள்ளி வைத்தால் 2.4.5.4.1.9.e164.arpa என்று முடிகிற ஒரு டிஎன்எஸ் பெயர், அதில் தேடினால் அந்த எண்ணுக்கு உரிய சிப் முகவரி கிடைக்கும். ஆனால் பொது டிஎன்எஸ் என்றால் உலகத்தில் யாரும் எந்த எண்ணையும் போட்டு அந்த ஆளுக்கு என்னென்ன முகவரிகள் இருக்கின்றன என்று பார்த்துவிடலாம், எண்களை வரிசையாக ஓடவிட்டு எல்லோரையும் அள்ளிவிடலாம். நிறுவனங்களுக்கும் தங்கள் வாசலைத் திறந்து வைக்க விருப்பமில்லை. அதனால் தங்களுக்குள் மட்டும் பார்க்கிற தனிப்பட்ட பட்டியலாக அதை வைத்துக்கொண்டார்கள். இந்தியாவில் எண் மாறாமல் நிறுவனம் மாறும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுக்க வந்த பிறகு, எண்ணின் முன்பகுதியைப் பார்த்து யாருடைய வாடிக்கையாளர் என்று சொல்லவே முடியாது. ஒவ்வொரு அழைப்புக்கும் கூப்பிடுகிற நிறுவனம் பட்டியலைத் தேடித்தான் வழி கண்டுபிடிக்கிறது.

இப்போது அக்காவின் மூன்றாவது கேள்வி. அதற்காகத்தான் வந்தேன், ஏனென்றால் தனியாக விடுதி நடத்துகிற பெண்கள் பலரும் இதைக் கேட்கிறார்கள், கிடைக்கிற பதில் "பயப்படாதீங்க" என்பதோடு நின்றுவிடுகிறது.

சாதாரண அழைப்பில் கூப்பிடுகிறவருக்கு உங்கள் எண் தெரியும், வேறு ஒன்றும் தெரியக் கூடாது. உங்கள் போன் எந்த டவரில் இருக்கிறது என்பது வோல்ட்டி அழைப்பின் சிப் செய்தியில் ஒரு தலைப்பாகப் போகும், ஆனால் அது நிறுவனத்துக்கு மட்டும், வெளியே போகும் முன் நீக்கிவிடவேண்டும் என்பது விதி. விதி தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 2025 மே மாதம் பிரிட்டனில் ஓ2 வலையில் நடந்ததைப் பாருங்கள். டேனியல் வில்லியம்ஸ் என்பவர் தன் போனுக்கு வரும் வோல்ட்டி செய்திகளைப் பிரித்துப் பார்த்தபோது, எதிராளியின் சிம் அடையாள எண், போனின் அடையாள எண், அவர் இருக்கும் டவர் எல்லாம் அதில் இருந்தன. வெளியே சொன்ன பிறகு நிறுவனம் சரிசெய்தது. நகரத்தில் டவர் தெரிந்தால் தெருவையே சொல்லிவிடலாம், நம் மலையில் ஒரு டவர் இரண்டு மூன்று ஊர்களைப் பார்த்துக்கொள்கிறது என்பதால் அவ்வளவு துல்லியம் வராது. ஆனால் நீங்கள் மலையில் இருக்கிறீர்களா, கீழே வத்தலக்குண்டில் இருக்கிறீர்களா என்பது தெரிந்தாலே போதுமே, வீடு பூட்டிக் கிடக்கிறது என்று அர்த்தம்.

மெசேஜ் ஆப் அழைப்பு வேறு மாதிரி. தாமதம் குறையவேண்டும் என்று பல ஆப்கள் இரண்டு போன்களையும் நேராக இணைக்கப் பார்க்கும். அதற்கு இரண்டு பக்கமும் தங்கள் ஐபி முகவரிகளைப் பரிமாறிக்கொள்ளவேண்டும். விவரம் தெரிந்தவர் அதை எடுத்துவிடலாம். ஐபியை வைத்து எந்த நிறுவனம், எந்தப் பகுதி என்பது தோராயமாகத்தான் தெரியும், மொபைல் டேட்டாவில் பொது முகவரியைப் பலர் பகிர்வதால் இன்னும் மங்கலாக இருக்கும். வீட்டு ஃபைபரில் இருக்கிறீர்களா, வெளியே மொபைல் டேட்டாவில் இருக்கிறீர்களா என்பது மட்டும் நிச்சயம் தெரிந்துவிடும், மேலே சொன்ன காரணத்துக்காக எனக்கு அதுவே பிடிக்கவில்லை. தடுக்க வழி இருக்கிறது: வாட்ஸ்அப்பில் தனியுரிமை அமைப்பின் கடைசியில் அழைப்புகளில் ஐபி முகவரியைப் பாதுகாப்பது என்று 2023-இல் ஒன்று சேர்த்தார்கள், சிக்னல் ஆப்பில் எல்லா அழைப்பையும் இடைநிலை சர்வர் வழியாக அனுப்பு என்று இருக்கிறது, டெலிகிராமில் நேரடி இணைப்பை 'யாருக்கும் இல்லை' என்று மாற்றலாம். குரல் கொஞ்சம் தாமதமாகும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் தெரியாத எண்களின் அழைப்பை ஒலிக்காமல் செய்யும் வசதியும் அதே வருடம் வந்தது, ராத்திரித் தொல்லைக்கு அதைப் போடுங்கள்.

எண்ணை மறைத்துக் கூப்பிடும் வசதியை இங்கே சாதாரண சந்தாதாரருக்குத் தருவதில்லை. அதனால் விளம்பரத்துக்குத் தனி சிம் ஒன்று வாங்கி, அதே போனில் இரண்டாவது சிம்மாகவோ இ-சிம்மாகவோ போட்டுக்கொள்ளுங்கள், இரவில் அந்த சிம்மை மட்டும் அணைத்துவிடலாம். ஆனால் யார் பெயரில் வாங்குகிறீர்கள் என்று யோசித்து வாங்குங்கள், சிம் வாங்கும்போது கொடுத்த பெயரையே எதிராளியின் திரையில் காட்டவேண்டும் என்று 2024 பிப்ரவரியில் டிராய் பரிந்துரைத்திருக்கிறது.

உங்கள் சொந்த சர்வரைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிஎல்எஸ் போட்டால் யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்பது வழியில் தெரியாது, எஸ்ஆர்டிபி (மறையாக்கிய ஆர்டிபி) போட்டால் குரல் மறைகிறது, இரண்டும் சேர்ந்துதான் போடவேண்டும், ஏனென்றால் எஸ்ஆர்டிபியின் சாவி பெரும்பாலும் சிப் செய்திக்குள்தான் போகிறது. டிஎல்எஸ் இல்லாமல் எஸ்ஆர்டிபி மட்டும் போட்டால் சாவி வழியெங்கும் கண்ணில் படும். சிப்புக்கான 5060 போர்ட்டைத் திறந்து வைத்த சர்வரைத் தேடிக் கடவுச்சொல்லை ஊகிக்கும் நிரல்கள் இணையம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கின்றன. 101, 102 என்று கணக்குப் பெயரும் அதே எண்ணைக் கடவுச்சொல்லாகவும் வைத்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள்.

மிளகுக்கொடி

டவர் விஷயமும் வீடு பூட்டிக்கிடக்கும் விஷயமும் நான் யோசித்ததே இல்லை. ஐபி பாதுகாப்பு போட்டுவிட்டேன், தனி சிம் வாங்கப்போகிறேன். வைஃபை காலிங் வீட்டில் வேலை செய்கிறது, பட்டிவீரன்பட்டி அழைப்பு ஒன்று அடுப்படியிலேயே எடுத்தேன். ஒரே ஒரு கேள்வி: விருந்தினர் யாருக்காவது ராத்திரியில் உடம்புக்கு முடியாமல் போனால் 108, 112 எல்லாம் இந்த வழியில் போகுமா?

தேயிலைமேடு

சிப் ஆப்பில் போகாது சகோதரி. உங்கள் சர்வருக்கு 108 என்றால் என்ன என்றே தெரியாது. போனின் சொந்த டயலரில்தான் போடவேண்டும். 112 போட்டால் போன் முதலில் எந்த நிறுவனத்தின் டவராவது எட்டுகிறதா என்று பார்க்கும், உங்கள் சிம்முக்குச் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நிறுவன டவர் கிடைத்தால் அதில் போய்விடும். எதுவுமே இல்லாத இடத்தில் வைஃபை வழியாகப் போவது நிறுவனத்தின் ஏற்பாட்டைப் பொறுத்தது, அப்படிப் போனாலும் டவர் இல்லாததால் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அவர்களுக்குச் சரியாகத் தெரியாமல் போகலாம். அதனால் பேச ஆரம்பித்ததும் மாவட்டம், ஊர், பஸ் நிற்கும் இடம், அங்கிருந்து வீட்டுக்கு வரும் வழி என்று வரிசையாகச் சொல்லவேண்டும். அதை ஒரு அட்டையில் எழுதி இரண்டு அறைகளிலும் ஒட்டி வையுங்கள், வெளியூர்க்காரருக்கு இந்த ஊர்ப் பெயரே வாயில் நுழையாது.

கரண்ட் போனால் ஃபைபர் பெட்டியும் ரூட்டரும் அணையும், வைஃபை காலிங்கும் சேர்ந்து அணையும். 2018 கஜா புயலில் உங்கள் பக்கம் மரமும் கம்பமும் எப்படிச் சாய்ந்தது என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ரூட்டருக்கென்று சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் கிடைக்கிறது, வாங்கும்போது ஃபைபர் பெட்டியின் வோல்ட்டையும் ஆம்பியரையும் பார்த்து இரண்டுக்கும் தாங்குகிற மாதிரி வாங்குங்கள், பலர் ரூட்டருக்கு மட்டும் கொடுத்துவிட்டு ஃபைபர் பெட்டியை விட்டுவிடுகிறார்கள். கம்பியே அறுந்துவிட்டால் மேட்டுக்குத்தான் ஏறவேண்டும், அந்த வழியை விருந்தினருக்குப் பகலிலேயே ஒருமுறை காட்டி வையுங்கள்.